படுக்கப் போட்டுப் பார்த்தல்

மஞ்சக்குப்பம் ஷோரூமில்
நானூறு சிசியைத் தடவித் தடவிக் காட்டினான் பையன்.
ஏறி உட்கார்ந்தேன்.
வலது கால் கட்டைவிரல் மட்டும்
டைல்ஸைத் தொட்டது.
"ஹைவேல பறக்கும் மேடம்."
நான் போவது ஹைவேயில் இல்லை, தம்பி.
குள்ளஞ்சாவடி தாண்டி
முந்திரிக் காட்டுக்குள் பிரியும் மணல் தடம்,
பெருமாள் ஏரிக் கரை,
மழை தின்றது போக மிச்சமிருக்கும் ரோடு.
சனி மதியம் புறப்பட்டால்
ஞாயிறு இரவு
யூனிஃபார்ம் துவைக்கத் திரும்பிவிட வேண்டும்.

முதுநகரில் பரக்கத் அலி வைத்திருந்தார்
ஓர் இருநூறு சிசி.
இடது இண்டிகேட்டர் இல்லை.
மட்கார்டுக்கு அடியில் போன வருஷத்துச் சேறு.
"ஓட்டிப் பாருங்க" என்றார்.
முதலில் படுக்கப் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பெட்ரோல் குழாயை மூடினார்,
சாக்கு ஒன்றை விரித்தார்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
மெல்லச் சாய்த்தார்.

திரும்பி நின்று
இடுப்பை சீட்டில் முட்டுக்கொடுத்தேன்.
ஹேண்டில்பாரில் ஒரு கை, பின்கம்பியில் ஒரு கை.
முதல் தடவை வரவில்லை.
இரண்டாவதில்
முழங்கால் நடுங்க நடுங்க எழுந்தது.
உதவிக்கு நீண்ட கைகளை
அவரே பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

முந்திரிக் காட்டில் ஞாயிறு மதியம்
ஆள் இருக்காது.
விழாமலா ஓட்டப்போகிறேன்?

இண்டிகேட்டருக்காக
இரண்டாயிரம் குறைத்தார்.
கெடிலம் பாலம் இறங்கி
இடப்பக்கம் திரும்பும்போது கையை நீட்டினேன்.
நம்பாமல்
ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது டவுன் பஸ்.