மூன்று பாட்டுத் தூரம்

இந்தக் கரையிலிருந்து அந்தத் தீவுக்கு
என் மஞ்சள் படகு ஒன்பது நிமிடம் எடுக்கும்.
எதிர்காற்று அடித்தால் பத்து.
அதாவது மூன்று பாட்டு,
நடுவில் மூச்சு விட இடம்.

பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுவேன்.
தூர்க்குவுக்குத் தெற்கே
பால்டிக் அப்போது கல்லாய்க் கிடக்கும்.
பனிக்கட்டியைப் படகு நொறுக்குகிற இரைச்சலில்
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
விறைத்த விரலால்
ஒரு பாட்டை மேலே இழுப்பேன்,
இன்னொன்றைக் கீழே தள்ளுவேன்.
'கோடை' என்று பெயரிட்டுப்
பக்கத்தில் வருடத்தையும் போட்டதும்
மூக்கு நுனி கொஞ்சம் சுடும்.
வெப்பமானி மைனஸ் பத்தொன்பது என்னும்.
பொய் சொல்லும் கருவி.

மே மாதத்துக்கு அவசரப்படாத பாட்டு வேண்டும்,
கோட்டின் பொத்தானைக் கழற்றியும்
கோட்டைக் கழற்றாத பாட்டு.
ஜூனில் இரவே வராது;
முடிக்கத் தெரியாமல்
பல்லவியையே சொல்லிச் சொல்லித்
தேய்ந்து போகிறவற்றை அங்கே வைப்பேன்.
மழைக்கென்று நாலு.
ஜூலையில் பாதி மழைதான்,
அதை மறைக்கிற ப்ளேலிஸ்டை நான் நம்புவதில்லை.
வரிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்;
இடுப்பு அசைய வேண்டும், அவ்வளவுதான்.

"படகா இது, டிஸ்கோவா?" என்பான் தாபியோ,
எனக்கு அடுத்த ஷிப்ட்.
அவனுக்குக் கடல் வானிலை அறிக்கைதான் சங்கீதம்.
ஆனாலும் போன வருடம் என் பட்டியலில்
முப்பத்து மூன்றாவதாக
நான் சேர்க்காத ஓர் அக்கார்டியன் இருந்தது.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
நீக்கவும் இல்லை.

இந்த ஜூன் கடைசியில் வந்தாள் வில்யா.
பதினைந்து வயதானால் ஓட்டலாம் என்று விட்டிருக்கும்
பொம்மை மாதிரியான கார்.
பக்கத்து இருக்கையில் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள்,
பின்னால் முழுக்க ஸ்பீக்கர்.
ஒரே பாட்டு. தினமும்.
ஃபின்னிஷில் வெறும் மூன்று சொல், நாற்பது தடவை,
நடுவே கொதிக்கும் கெட்டில் போல ஒரு விசில்.
பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது.
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.
கண்ணாடிக்கும் பிடித்துப்போனது போல,
அதிர்ந்தது.

ஜூலை நடுவில் ஒரு நாள்
நெம்புகோலின் மேல் ஒரு கட்டைவிரல்
தாளம் போட்டுக்கொண்டிருந்தது.
யாருடையதோ என்று பார்த்தேன். என்னுடையது.
புது உருளைக்கிழங்கு வேகும்போது அந்த விசில்.
சௌனாவில் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த விசில்.
பிப்ரவரி முழுக்க உட்கார்ந்து செதுக்கினேன்;
கோடையோ
தன் பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு
டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டது.
இந்தப் படகில் யாருக்குமே டிக்கெட் கிடையாது,
அது வேறு விஷயம்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது.
நான்கு நாள் வில்யா வரவில்லை.
படகு அதே ஒன்பது நிமிடம்தான் எடுத்தது,
எனக்குத்தான் கரை வரவில்லை.
ஐந்தாம் நாள்,
முதல்முறையாக விளக்குப் போட வேண்டியிருந்த இரவில்,
அந்த மூன்று சொல்லையும் தட்டிக் கண்டுபிடித்தேன்.
இடம் வேண்டுமே:
குளிரில் மிகவும் யோசித்துச் சேர்த்த ஒன்று போனது.
எது என்று இப்போது நினைவில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
நான் சத்தத்தைக் கூட்டினேன்.
கண்ணாடியை இறக்கி முகத்தைச் சுளித்தாள்:
"இன்னுமா இதைக் கேட்கிறீங்க, இல்தா?
இது ஜூன் பாட்டாச்சே."
அவள் காரில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது,
மெதுவாக, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு யாரோ
தனக்குள் பேசுவது போல.

சாய்தளம் இறங்கியது. போய்விட்டாள்.
பின்னால் நின்ற பால் லாரிக்காரர் மட்டும்
இறங்க மறந்து
ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.
ஹாரன் அடித்தேன்.
விசில் வந்து போகட்டும் என்று
பொறுத்திருந்துதான் அடித்தேன்.