கணக்குக் கொப்பி

சங்கக்கடை மதிலோரம்
கான்கள் படுத்துக் கிடந்தன பதினொரு இரவு.
நீலம், மஞ்சள், மூடி தொலைந்த ஒரு வெள்ளை,
எல்லாக் காதுக்குள்ளாலும் ஒரே நைலோன் கயிறு.
நுனியை மின்கம்பத்தில் கட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.
ஒன்றும் களவு போகவில்லை.
வெறுங்கானை ஆர் எடுப்பான் என்றான் டெரன்ஸ்.
நான் அதையும் ஒரு புதுமை என்றே
எழுதி வைத்தேன்.

எழுதுவது என் வேலை.
குருநகரில் மாதா சபைக்கு நான் செயலாளர்.
சிவப்பு மட்டைக் கொப்பி:
சந்தா, மெழுகுதிரி, செத்தவீட்டுக்குப் பூ.
அந்த வைகாசியில்தான் முதன்முதலாய்
மண்ணெண்ணெய் என்றொரு தலைப்புப் போட்டேன்.

படகுகள் கரையேறிக் காய்ந்தன.
எஞ்சின்களுக்குச் சாக்குப் போர்த்தியிருந்தார்கள்,
காய்ச்சல்காரருக்குப் போல.
ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் இருந்தது
கட்டிலுக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பின்னால்.
கடலுக்குக் காணாது.
கொடுக்கவும் மனம் வராது.

ஞாயிறு சுவாமி பிரசங்கம் வைக்கவில்லை.
"எல்லாத்தையும் ஒண்டாய் ஊத்தினால்
எத்தனை படகு போகும்?" என்றார்.
பின்வாங்கில் இருந்து பெனடிற்றா சொன்னாள்:
"ஒண்டு."
பிறகு கனநேரம்
விசிறி ஓடாத கூரையை எல்லாரும் பார்த்தோம்.

சண்டை வராமல் இல்லை.
என் புருசன் கேட்ட கேள்வியை
இங்கே எழுதமாட்டேன், கொப்பியிலும் எழுதவில்லை.
ஆனால் பின்னேரம் அவர்தான்
எங்கள் கானைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.
முப்பத்தெட்டு வீடு, இருபத்திரண்டு லீற்றர்.
ஒழுங்கையின் அந்தப் பக்கம், வைரவர் கோயிலடியில் இருக்கும்
கனகாம்பிகை ரீச்சர்
இருமல் மருந்துப் போத்தலில் கொண்டுவந்தா.
அதையும் எழுதினேன்:
ஒரு போத்தல், மூடியோடு.

ஆருடைய படகு?
நெஸ்டமோல்ட் ரின்னுக்குள் சீட்டுப் போட்டோம்.
எஸ்தாக்கியின் கடைக்குட்டி எடுத்து
எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
இன்-னா-சி.

தம்பிக்கு உடலில்லாமல் பூசை வைத்த அன்றிலிருந்து
கோயில் படி மிதிக்காத மனிதர்.
அவர் பெயரை உள்ளே போட்டது ஆர் என்று
ஊர் இன்னும் கதைக்கிறது.
(அது என் கையெழுத்து.)

வாடிக்குப் போய்ச் சொன்னோம்.
வலையிலிருந்து தலை தூக்கவில்லை.
"எனக்கு உங்கட விசுவாசம் ஒண்டும் இல்லை."
"எஞ்சின் வேலை செய்யுதோ?" என்றாள் பெனடிற்றா.
"செய்யும்."
"அது காணும்."

அந்த இரவு கரண்ட் இல்லை.
விளக்குக்கு ஊற்ற ஒரு வீட்டிலும் எண்ணெய் இல்லை,
எல்லாம் மண்டைதீவுக்கு அங்கால்
இருட்டில் இரைந்துகொண்டு போனது.
கோயில் விறாந்தையில் இருந்து செபமாலை சொன்னோம்.
முகம் தெரியாததால்
ஆர் அழுகிறார், ஆர் நித்திரை தூங்குகிறார்
என்று ஒருவருக்கும் தெரியவில்லை.
மூன்றாம் காரணிக்கத்தில் எனக்கு எண்ணிக்கை பிசகியது.
பக்கத்துக் குரல் தூக்கிக்கொண்டு போனது.
அது ரீச்சரின் குரல்.
எப்போது பாடமாக்கினாவோ.

விடியப் படகு வந்தது.
பெரிய அள்ளல் ஒன்றும் இல்லை.
ஓரா, கொஞ்சம் திரளி, இரண்டு கணவாய்.
பங்கு வைத்தபோது வீட்டுக்கு மூன்று மீன்,
சில வீட்டுக்கு இரண்டும் ஒரு நண்டும்.
சின்னதென்று முறுமுறுத்தவர்களும் உண்டு.
சட்டி மணம் ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் எழும்ப
நாய்களுக்கு விசர் பிடித்தது.

பத்து மணி போல இன்னாசி வந்தார்.
படிக்கு வெளியே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.
கையில் கான்.
"மிச்சம்," என்றார். "அளந்து பாருங்கோ."
அளந்தேன்.
"நாளைக்கு ஆர்?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.

கொப்பியில் எழுதினேன்:
மீதி, ஒன்றரை லீற்றர்.
பிறகு ரின்னைக் கவிழ்த்து
சீட்டுகளை ஒவ்வொன்றாய் விரித்தேன்.
ஈரக்கையால் எழுதிய பெயர்கள்,
சிலது ஊறிப் பரவியிருந்தன.