ஐந்தாவது சுருள்

குடியாத்தம் தீப்பெட்டிக் கம்பெனிக் கிடங்கில்
வஜ்ஜிர டின்களுக்கு நடுவே கிடந்ததாம்.
இத்தனை வருஷம் பற்றிக்கொள்ளாததே
பெரிய விஷயம் என்றார்கள்.

வேலூரில் போட்டுக் காட்டினார்கள்.
மூன்றும் நான்கும் மக்கிப்போய்
ஐந்தாவதில் பாலாறு
இரு கரையும் முட்ட.
எங்களில் பாதிப்பேர் கைதட்டியது தண்ணீருக்கு.

பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
மார்பளவில் ஒருவன் நடக்கிறான்.
வாய் அசைகிறது.
எழுத்து அட்டை வருகிறது:
'மைந்தா! என்னுயிர் உனதே, அஞ்சேல்.'

எனக்கு முன்வரிசையில் சகாயராணி.
ஆஸ்பத்திரி சலவையில் வேலை,
பிறவியிலேயே காது கேளாது.
உதடு பார்த்தே ஊர்வம்பு முழுக்க அறிந்தவள்.
தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.
விளக்கு போட்டதும்
என் மருந்துச் சீட்டை வாங்கி
பின்பக்கம் எழுதிக் காட்டினாள்:

'எனக்கு நீச்சல் தெரியாது சாமி
மிஷினை நிறுத்துங்க
முதல்ல பிள்ளையை வாங்கிக்குங்க.'

யார் பெற்ற பிள்ளையோ.
அட்டை வந்து மறைந்த பிறகு
தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது.
அந்தக் கைகள் மட்டும்
ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.