ஐந்தாவது கையெழுத்து

நாலு பேர் கிடைத்துவிட்டார்கள்.
டீக்கடை ஆண்டியப்பன், ரேஷன் கடை எடையாள்,
ஆடு மேய்க்கப் போய் முதலில் பார்த்தவர்,
பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர்.
"சேவுகா, கடையைச் சாத்து.
பஞ்சாயத்தார் ஒரு ஆள் குறையுது" என்றார் ஏட்டு.

கையில் கிரீஸ். அப்படியே போனேன்.

மானகிரி தாண்டி அந்த ஊருணியில்
தாமரைக் கொடிக்குள் கிடந்தவரை
ஓலைப்பாயில் மாற்றியிருந்தார்கள்.
முகம் என்று எழுத அதில் ஒன்றுமில்லை.
எஸ்.ஐ. அம்மா படியில் உட்கார்ந்து
தொடையில் அட்டை வைத்துக் கட்டம் கட்டமாக நிரப்பினார்.
பெயர்: தெரியவில்லை.
வயது: சுமார் ஐம்பது.
கடைசியாக உயிரோடு பார்த்தது யார்?
பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.
நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம்.

அப்போதுதான் பையன்கள் சைக்கிளை இழுத்துப் போட்டார்கள்.
பின் டயர் பிதுங்கி ட்யூப் தொங்கியது.
அதில் மூன்று ஒட்டு.
இரண்டு வட்டம், யாரோ ஒட்டியது.
ஒன்று சதுரம், மூலை மழுக்கியது.
சதுரமாக வெட்டினால் ரப்பர் வீணாகாது.
இந்த ரோட்டில் அப்படி வெட்டுகிறவன் நான் ஒருத்தன்தான்.

போன புதன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறணும்,
சீக்கிரம் என்று அவசரப்படுத்தினார்.
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியபோது
குமிழி வருகிறதா என்று கூடவே குனிந்து பார்த்தார்.
பத்து ரூபாய் பாக்கி. திரும்பும்போது தருகிறேன் என்றார்.
பெயர் கேட்கவில்லை.
பஞ்சருக்கு யாரும் பெயர் கேட்பதில்லை.

எல்லாம் சொன்னேன். அம்மா வயர்லெஸ்ஸை எடுத்தார்.
பள்ளத்தூர் ஸ்டேஷனில் ஒரு காகிதம் காத்திருந்தது:
ஆள் காணவில்லை. வெள்ளைக்கண்ணு.
இடது முழங்கையில் கொதிநெய் பட்ட தழும்பு.
மனைவி அழகுநாச்சி கொடுத்தது,
"ரெண்டு நாள் பாருங்க, வந்துருவாரு" என்று
ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகு.

சட்டைக் கையை மேலே ஏற்றினார்கள்.
தழும்பு இருந்தது.

தவறி விழுந்தாரா, தானாக இறங்கினாரா, யாரும் தள்ளினார்களா?
அதை காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் அறுத்துச் சொல்லட்டும் என்று
எங்கள் ஐந்து பேர் கருத்தையும் ஒரே வரியில் எழுதினார்கள்.
நான் மட்டும் ட்யூபின் அருகே குந்தி
சதுரத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
பிரியவில்லை.
"அம்மா, என் ஒட்டு பிரியலைன்னு எழுதுவீங்களா?"
"அதுக்குக் கட்டம் இல்லைப்பா."

கையெழுத்துப் போட்டேன்.
பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் கிரீஸ் விழுந்தது.
துடைக்கத் துடைக்க அகலமானது.

பத்து நாள் கழித்து
கடை வாசலில் ஒரு அம்மா நின்றார்.
காற்றடிக்க வந்தவர் என்று நினைத்தேன். சைக்கிள் இல்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பத்து ரூபாயை டூல்ஸ் பெட்டி மேல் வைத்தார்.
"உங்க வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டுனாங்க.
பாக்கி இருந்துச்சாமே."

தொட்டித் தண்ணீரில் யாருடைய ட்யூபோ
குமிழி விட்டுக்கொண்டிருந்தது.