யோகராணி, லேயர் இரண்டு

கோத்தகிரி ஜான்ஸ்டன் ஸ்கொயரில்
பேக்கரிக்கு மேல் மாடி, ஒரே சன்னல்.
வர்க்கி வாசம் படியேறிவரும் நாலு மணிக்கு
யோகராணி வந்தாள், பின்னால் அவள் அம்மா.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.
காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்கு மேல் அம்மா கொண்டுவந்த பட்டு
எப்படி நிற்கும் என்று பத்து நிமிடம் போனது.
"தரகர் போட்டோ கேட்டிருக்கார்.
கலர் மட்டும் கொஞ்சம் ஏத்திவிடும்மா,"
தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணால்
என் மவுஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளைச் சுவரில் நிறுத்தினேன்.
சிரிக்கச் சொன்னபோது சிரிக்கவில்லை.
கீழே அவள் வேனில் எவனோ ஏறி ஹார்ன் அடித்ததும்
"டேய்" என்று பக்கவாட்டில் திரும்பினாளே,
அதுதான் படம்.

அம்மா வர்க்கி வாங்க இறங்கிய இடைவெளியில்
போனை நீட்டினாள்.
"மூஞ்சிக்குள்ள மலை தெரியிற மாதிரி செய்வீங்களாமே.
எனக்கு இது வேணுங்க்கா."

எல்லாரும் கொண்டுவருவது
தொட்டபெட்டா, கேத்தரின் அருவி.
இவள் போனில்
வேனின் முன்கண்ணாடி, வைப்பர் துடைத்த அரைவட்டம்,
அதற்குள் காலை ஆறேகால்,
தேயிலைக்கு நடுவே
வெள்ளைக் காலுறை போட்டதுபோல் ஒரு காட்டுமாடு.
"ஏழு நிமிஷம் வழி விடல.
நானும் ஹார்ன் அடிக்கல.
அந்த ஏழு நிமிஷம் என்னைய யாரும் கூப்பிடல."

முதலில் அம்மா கேட்டது.
கர்வ்ஸைப் பிடித்து மேலே இழுத்தேன்.
நெற்றி வெளுத்தது, கன்னம் வெளுத்தது,
மூக்குத்தியின் ஒரு புள்ளி வெளிச்சம்
எங்கோ கரைந்தது.
'தரகர்' என்று பெயரிட்டுச் சேவ் செய்தேன்.
அதன் மேலேயே மலையை வைத்து
மோடை ஸ்க்ரீனுக்கு மாற்றினால்
மாடு இல்லை.
தேயிலை இல்லை.
சுண்ணாம்புச் சுவரில் யாரோ கைதுடைத்ததுபோல்
ஒரு பச்சைக் கறை.

இந்த மோடு அப்படித்தான்:
வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தால் வெறும் வெளிச்சம்.
இருட்டு இருக்கிற இடத்தில்தான்
இன்னொரு படம் வந்து இறங்கும்.
தத்துவமெல்லாம் இல்லை,
பெருக்கல் கணக்கு.

கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.
கொண்டை ஊசி வளைவில்
செகண்ட் கியரில் இறங்கும் வண்டி மாதிரி
அவள் நிறம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

மறுபடி மலையை வைத்தேன்.
பின்னலில் தேயிலை வரிவரியாக ஏறியது.
கழுத்தோரம் மூடுபனி,
உடம்பு எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.
வைப்பரின் அரைவட்டம் தாடையோடு பொருந்த
கொஞ்சம் சாய்த்தேன்.
மாடு எங்கே நிற்பது என்பதில்தான் தகராறு.
கன்னத்தில் விட்டால் மச்சம்.
நெற்றியில் விட்டால் கோயில் யானையின் முகபடாம்.
"காதுக்குப் பின்னால விடுங்க்கா,
அங்கதான் இருட்டு ஜாஸ்தி."
விட்டேன். நாலு வெள்ளைக் கால்களும் தெரிந்தன.
கண்ணை மட்டும் மாஸ்க் போட்டுக் காப்பாற்றினேன்.
கண்ணுக்குள் மரம் முளைத்தால்
வண்டி ஓட்ட முடியாது.

கரண்ட் போனது. யு.பி.எஸ் கத்தத் தொடங்கியது.
அவசரத்தில் சேவ் செய்த பெயர்கள்:
யோகராணி கடைசி
யோகராணி கடைசி 2
யோகராணி இதுதான்

அம்மா வந்தார், பொட்டலத்தில் எண்ணெய் பூத்திருந்தது.
இருட்டு அறையில் திரை மட்டும்.
"மாடு எதுக்கு?" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"நம்ம லைன் வீட்டு வளைவுல்ல இது?"
அப்புறம் ஒன்றும் பேசவில்லை,
கலர் பற்றியும்.

இரண்டையும் அனுப்பினேன், ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.
தரகருக்கு எது போனதோ.

அடுத்து வந்தவருக்கு பாஸ்போர்ட் சைஸ்.
இரண்டு காதும் தெரியவேண்டும், முடியை ஒதுக்குங்கள் என்றேன்.
ஒதுக்கினார்.
அங்கே ஏதாவது நிற்கிறதா என்று
ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.