நூற்றுப் பதினேழாம் சரிவு

பந்தலூர் ஃபேக்டரி ஆபீஸில்
என் போனுக்கு வயநாட்டு டவர்தான் கிடைக்கும்.
நாற்காலியை விட்டு எழாமலே
கேரளத்துக்கு நல்வரவு.
மழை நின்றால் தமிழ்நாடு.

ஹாம்பர்க்கிலிருந்து ஒப்பந்தம் வந்தது.
இலை பறித்த தோட்டத்தின் நான்கு மூலையும்
அட்சரேகை தீர்க்கரேகையாக வேண்டும்,
ஐந்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.
மூன்றாம் பக்கத்தில் அதே கை எழுதுகிறது:
ஆள் கேட்டால் அன்றே அழிக்க வேண்டும்.
நம்மூர்ச் சட்டம்
அனுப்பு, ஆனால் கேட்டு அனுப்பு,
அவர்களுக்குப் புரிகிற மொழியில் கேள் என்கிறது.
சர்வர் இருப்பது சிங்கப்பூரில்.
அங்கே என்ன சொல்கிறார்கள் என்று
மேனேஜர் ஹம்சாவுக்கும் தெரியவில்லை.

ஒப்புதல் தாளோடு சரிவில் இறங்கினேன்.
இருபது பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.
பூங்காவனம் கண்ணாடி எடுத்துவர உள்ளே போனார்.

"இந்தப் புள்ளியெல்லாம் யாரு பாப்பாங்க?"
ஜெர்மனிக்காரர்கள் என்றேன்.
"பாத்துட்டுப் போகட்டும்.
அவங்களா வந்து வேலியப் புடுங்கப் போறாங்க?
கீழ ரேஞ்சர் ஆபீஸு பாக்குமா?"

நாற்பத்தொரு பக்கத்தையும் புரட்டினேன்.
எல்லை தாண்டிப் போவது பற்றி நிறைய இருந்தது.
திரும்பி வருவது பற்றி ஒரு வரி இல்லை.

பட்டா இல்லாத அறுபது சென்ட்.
ஜென்ம நிலமா காடா என்று
அவர் மகன் பிறந்த வருடத்திலிருந்து கேஸ்.

ஏழு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது
குடும்ப அட்டையில் ஓர் எண் இருந்ததாம்.
இரண்டு கவர்மெண்டும் பேசி முடித்த எண்.
"எங்களக் கேட்டா பேசினாங்க?"
தாள் திரும்பி வந்தது, கையெழுத்தில்லாமல்.

ராத்திரி அவர் தோட்டத்தை விட்டுவிட்டு
வரைபடம் போட்டுப் பார்த்தேன்.
பச்சைக்கு நடுவில் அறுபது சென்ட் ஓட்டை.
இருப்பதைவிட அதிகமாகக் காட்டிக்கொடுத்தது.

மூலைகளை எல்லாம் அழித்தேன்.
இருபத்தொரு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே கோடு,
அதற்கு ஓர் எண்.
பெயர்ப் பட்டியல் ஹம்சாவின் இரும்பு பீரோவில்,
சாவி பழைய சாக்குகளுக்குப் பின்னால்.
இதற்கு மட்டும் பூங்காவனம்
"சரி, அப்படின்னா போட்டுக்கோ" என்றார்.
இது போதுமா என்று ஹாம்பர்க்குக்கு எழுதி
பதினாறு நாளாகிறது.
பதிலுக்கு ஒரு தானியங்கி நன்றி வந்திருக்கிறது.

இன்று காலை எடை மேடையில்
பூங்காவனத்தின் சாக்கு இருபத்தெட்டு கிலோ.
ஈரத்துக்கு இரண்டு கழித்து
வழக்கம்போல எழுதினேன்.

"அந்த ரெண்ட யாரக் கேட்டு எழுதுற?"

பின்னால் வரிசை நின்றது.
யாரோ இருமினார்கள்.
பேரேட்டைத் திருப்பி
அவர் பக்கமாக வைத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.