ஆயிரத்து நூற்று நாற்பது சோம்

மூன்று இரவாகக் கணக்கு உதைக்கிறது.
பெட்டியில் இருப்பது அதிகம், பேரேட்டில் குறைவு.
ஆயிரத்து நூற்று நாற்பது சோம்
எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது,
அழைக்காத விருந்தாளி போல.

குறைந்தால் திருட்டு என்பார்கள்.
கூடினால் என்ன பெயர்?
"நிலக்கரி வாங்கிக்கொள், பூருல்கான்" என்கிறார்
ஊராட்சித் தலைவர் சகின்பெக்.
நல்லவர்தான்.
போன தலைவரும் நல்லவர்.
கூடியதை அடுப்பில் போட்டு,
குறைந்ததைக் கைக்காசால் மூடி,
எங்கள் அலமாரியில் ஓர் ஆண்டுகூடத்
திறந்து பார்க்கும்படி இல்லை.

முன்பு சுலபம்.
மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வரும்.
தாளில் ஓர் எண்,
அடியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு.
பனி பெய்து பாதை மூடினால்
எண் ஏப்ரலில் வரும்;
அதுவரை மழலையர் பள்ளியின் கூரை
ஒழுகிக்கொண்டு காத்திருக்கும்.

இப்போது சொல்கிறார்கள்:
மேய்ச்சல் கட்டணம் உங்களுடையது,
தண்ணீர்த் தீர்வை உங்களுடையது,
செலவும் உங்களுடையது,
வருஷம் முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில்
ஊருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கற்றுத்தர பிஷ்கெக்கிலிருந்து ஜீபெக் வந்தாள்.
என் மகள் வயதுகூட இராது.
புரொஜெக்டரை மாட்டியதும் மின்சாரம் போயிற்று.
சிரித்தாள். பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தாள்.
வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம்,
பதினேழு வருஷமாய் எனக்குத் தெரியும்.
தெரியாததை ஒரே வரியில் சொன்னாள்:
தேதி இல்லாத ரசீது பணமில்லை, அக்கா,
வதந்தி.

அதனால் அடுப்பை அணைக்காமல்
ஜூன் மாதத்தை மறுபடி ஒருமுறை மேய்க்கிறேன்.
ஆட்டுக்கு முப்பது. குதிரைக்குத் தொண்ணூறு.
ரசீது ரசீதாக.
விடிய ஒரு மணி இருக்கும்போது
தொக்தோசுனின் பத்தொன்பது குதிரைகள்
ஆட்டுப் பத்தியில் நிற்கின்றன.
கையெழுத்து
என்னுடையது.

மார்ச். ஹாலில் நாற்பத்தொரு பேர்.
அதில் ஆறு பேர் தூக்கம்.
என் பிழையைத்தான் முதலில் வாசித்தேன்.
தொக்தோசுன் எழுந்தார்:
"என் குதிரைகளை ஆடாக்கியது நீயா?"
தூங்கியவர்களும் விழித்துச் சிரித்தார்கள்.

கலீபா சிரிக்கவில்லை.
"பாலம்" என்றாள்.
"இரண்டு தடவை ஆறு கொண்டுபோயிற்று.
அந்த இரண்டுக்கும் எவ்வளவு?"

பழைய பேரேடுகளைத் திறந்தேன்.
முதல் பாலத்துக்குப் பக்கமே இல்லை.
இரண்டாவதற்கு ஒரு வரி:
பாலம், வகையறா.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
நாங்கள் ஆற்றில்தான் போட்டோம்.
அளக்கவில்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
சகின்பெக் தொப்பியைக் கழற்றி
மறுபடி வைத்துக்கொண்டார்.
மூன்றாவது பாலத்தை வாசிக்கத் தொடங்கினேன்,
பலகை பலகையாக,
கூலி, கம்பி, லாரி வாடகை,
நான்கு அங்குல ஆணி இருபத்திரண்டு கிலோ.

"ஆணிக்கு விலை அதிகம்" என்றது
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
"சந்தையில் இதைவிடக் குறைவு."

பெயரைக் கேட்டு
எழுதிக்கொண்டேன்.
தேதியும் போட்டேன்.